ஃபெர்மா எண்களுள் ஆறாவது

இரண்டை அதனாலேயே பெருக்கினால் 4 வரும். நான்கை அதனாலேயே பெருக்க 16. இவ்வாறே தொடர்ந்தால் 256, 65,536, 4,29,49,67,296 என எண்கள் விரைந்து வளரும். தொடக்கத்திலுள்ள இரண்டு முதல் ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்ட, 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297 ஆகியவை கிடைக்கின்றன. இவற்றுள் முதல் ஐந்தும் பகா எண்கள். பிரான்சு நாட்டுச் சட்ட அறிஞரும் கணித மேதையுமான ஃபெர்மா, இவ்வரிசை எண்கள் யாவும் பகா எண்களே என்னும் தம் கருத்தை 1640இல் கடிதங்களில் எழுதினார். அதற்கு நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஆறாவது எண்ணைச் சோதிப்பது எளிதன்று. ஓர் எண் இரு காரணிகளாகப் பிரியுமாயின், சிறிய காரணி அவ்வெண்ணின் வர்க்கமூலத்தை விஞ்சாது. எனவே 65,536 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அவையே 6,542 உள்ளன!

1732இல் ஆய்லர் இவ்வெண் 641ஆல் மீதியின்றி வகுபடும் எனக் காட்டினார். அவர் 6,542 எண்களையும் சோதிக்க வேண்டியிருக்கவில்லை. இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவாயினும், அதனை 64ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும் என்பதை அவர் பின்னர் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று செல்கின்றன. ஐந்தாம் முயற்சியிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

நீண்ட வகுத்தலின்றியும் இதனைக் கரும்பலகையில் மெய்ப்பிக்கலாம். 641 என்பது 5×128உடன் ஒன்று கூட்டியது. 625உடன் 16 கூட்டியதும் அதுவே. 640 என்பது 641இனும் ஒன்று குறைவாதலின், மீதியைக் கணக்கிடுகையில் அதனை −1 எனக் கொள்ளலாம். ஆகவே 640இன் நான்காம் அடுக்கு மீதி 1 தரும். அந்த நான்காம் அடுக்கோ, 625ஐ இரண்டின் 28ஆம் அடுக்கால் பெருக்கியதாகும். 625க்குப் பதிலாக −16ஐ இட்டாலும் மீதி மாறாது. 16 இரண்டின் நான்காம் அடுக்கு. எனவே பெருக்கற்பலன் இரண்டின் 32ஆம் அடுக்கின் எதிர்மமாகிறது. அதன் மீதி 1 எனின், இரண்டின் 32ஆம் அடுக்குடன் ஒன்றைக் கூட்ட மீதி ஏதும் இராது. கூட்டி வருவதே நாம் எடுத்துக்கொண்ட எண். மற்றக் காரணியாகிய 67,00,417 ஒரு பகா எண்.

ஏழாவது எண்ணை 1880இல் லாண்ட்ரி பிரித்தார்; அதன் சிறிய காரணி 2,74,177. ஆறாவது முதல் 33ஆவது வரை அனைத்தும் பகு எண்களே என இன்று அறியப்பட்டுள்ளது. ஃபெர்மாவின் கருத்துக்கு ஆதரவாக ஆறாவதொரு பகா எண் இதுவரை கிட்டவில்லை. இவற்றுள் 21ஆவதும் 25ஆவதும் வியப்புக்குரியவை. அவை பகு எண்கள் என்பது உறுதி. எனினும் ஒரு காரணிகூட அறியப்படவில்லை. காரணியைக் காணாமலே பகு எண்ணை இனங்காணும் சோதனையைப் பெப்பான் 1877இல் வகுத்தளித்ததனால் இது இயலுகிறது. 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்களை உடைய 34ஆவது எண் பகா எண்ணா, பகு எண்ணா என்பது இன்னும் முடிவாகவில்லை.