தட்டைப் படையும் தோற்படையும்

உள்ளங்கையில் ஒரு குதிரைப் படையை நிறுத்த இயலுமா? இயலும் என்று காட்டியவர்கள் ஜெர்மனி நாட்டு நூரம்பர்க் நகரத்துக் கம்மியர்கள். கற்பலகையில் குதிரையையும் வீரனையும் குழிவாகச் செதுக்கி, அந்த அச்சில் வெள்ளீயத்தை உருக்கி வார்த்து, நாணயத்தின் கனமே உள்ள தட்டையான உருவங்களை அவர்கள் செய்தனர். ஹில்பெர்ட் என்பார் 1777-ஆம் ஆண்டில் பிரஷ்ய மன்னர் பிரெடரிக்கைக் குதிரைமேல் அமர்ந்த கோலத்தில் இவ்வாறு வார்த்தார். 1839-இல் தொடங்கிய ஹைன்ரிக்சன் பட்டறையின் வீரர்களுக்கு உயரம் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர். குல்ம்பாக் நகரில் பிளாசன்பர்க் கோட்டையிலுள்ள காட்சிசாலையில் இத்தகைய சிற்றுருவங்கள் 3 இலட்சத்துக்கு மேல் இருக்கின்றன.

இவ்வுருவங்களுக்கு வண்ணம் தீட்டுவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஒன்று உண்டு. முன்னும் பின்னும் திரண்ட பொம்மைக்கு, அறையின் வெளிச்சமே நிழலைத் தந்துவிடும். தட்டைப் பொம்மைக்கோ உடலில் திரட்சி இல்லை. ஆகவே நிழலும் இல்லை. வண்ணம் தீட்டுபவர் கதிரவன் ஒரு பக்கத்தினின்று காய்வதாக மனத்துட்கொண்டு, குதிரையின் முதுகிலே ஒளியையும் வயிற்றடியிலே இருளையும் தூரிகையால் இட வேண்டும். அவர் தீட்டுவது குதிரையை மட்டும் அன்று. அதன்மேல் விழும் வெயிலையும் சேர்த்தே தீட்டுகிறார்.

தட்டையான வீரனுக்கு உயிர் தருவது எங்ஙனம் என்னும் இதே வினாவுக்கு நம் அண்டையிலேயே வேறொரு விடை பல தலைமுறைகளாக வழங்கி வருகிறது. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து பாரதப்புழைக் கரையோரம் சென்றால், பத்ரகாளி கோயில்களின் முன் கூத்துமாடம் என்னும் நீண்ட கட்டடத்தைக் காணலாம். அங்கே நிகழ்வது தோல்பாவைக்கூத்து. அதன் கதை இராமாயணம். பாடப்பெறுவன கம்பரின் தமிழ்ச் செய்யுட்கள்.

பாவை செய்யும் முறையை முதலில் நோக்குவோம். மரபாகப் பயன்பட்டது மான்தோல். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் ஆட்டுத்தோல் முதலியன அவ்விடத்தைப் பெற்றன. தோலை விரித்துக் காயவைத்து, மயிரை நீக்கி, உருவத்தை வரைந்து வெட்டுவர். பின்னர்ப் பலவகை முனையுள்ள சிற்றுளிகளால் புள்ளியும் கோடுமாகத் துளையிடுவர். முடியின் மணிகளும், மார்பின் அணிகளும், உடையின் மடிப்பும் இத்துளைகளாலேயே புலப்படும். இறுதியில் சாயம் தீட்டி, பிளந்த மூங்கிலை நடுவே பிணைப்பர். பெரும்பாலும் ஒரு கை மட்டும் அசையும். ஒரே பாத்திரத்துக்கு இருக்கும் கோலம், நிற்கும் கோலம், நடக்கும் கோலம், பொரும் கோலம் எனத் தனித்தனிப் பாவைகள் உண்டு. எழுபதுக்கு மேற்பட்ட பாத்திரங்களுக்கு ஏறத்தாழ 160 பாவைகள் வேண்டும் என்பர்.

கூத்துமாடத்தின் திரை 42 அடி நீளமானது. மேற்பகுதி வெண்துணி, கீழ்ப்பகுதி கருந்துணி. திரைக்குப் பின்னால் நீண்ட சட்டத்தின்மேல் 21 தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்துத் திரியிடுவர். கோயில் விளக்கினின்று கொணர்ந்த சுடரால் அவற்றை ஏற்றுவர். பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் கூர்மையாக விழும். விளக்கை நோக்கி விலக்கினால் நிழல் பெருத்து மங்கும். காற்றில் சுடர் நடுங்குந்தோறும் அசையாத வீரனும் மூச்சு விடுவான் போலத் தோன்றுவான். நூரம்பர்க் கலைஞர் கற்பனை வெயிலைத் தூரிகையால் இட்டார்; பாலக்காட்டுக் கலைஞரோ உளியால் வாயில் திறந்து, உண்மை விளக்கையே உள்ளே அழைத்தார்.

தீட்டிய சாயத்தின் கதியைச் சற்று எண்ணிப் பாருங்கள். மான்தோல் ஒளியை எளிதில் புகவிடாது. ஆதலின் முன்னிருப்போர் காண்பது கருநிழலையும், துளைவழி வரும் ஒளிப்புள்ளிகளையுமே. பாவையின் வண்ணத்தை முழுமையாகக் காண்பவர், திரைக்குப் பின்னே நின்று அதனை ஏந்துபவர் மட்டுமே. எனினும் வண்ணமிடும் வழக்கம் கைவிடப்படவில்லை.

காணாதார்க்கும் குறையின்றிச் செய்தல் என்னும் இப்பண்பு கூத்து முழுமைக்கும் உரியது. தாரிகனோடு பொருதுகொண்டிருந்த பத்ரகாளி இராம இராவணப் போரைக் காணவில்லை என்றும், அக்குறை தீரவே ஆண்டுதோறும் அவள் முன் இக்கூத்து நிகழ்கிறது என்றும் கூறுவர். தை முதல் வைகாசி வரையுள்ள திங்களில், கோயிலுக்கேற்ப 7, 14, 21 இரவுகள் எனவும் அதனினும் மிகுதியாகவும் இது நடைபெறும். முன்னிரவில் வந்தோர் பலர் நள்ளிரவில் இரார். திடலில் ஒருவரும் இல்லாத வேளையிலும் புலவர்கள் ஒரு செய்யுளையும் குறைப்பதில்லை; தேவி கேட்கிறாள் என்பது அவர் கொள்கை.

அவர்களுக்குப் புலவர் என்பதே பட்டம். செய்யுளைப் பாடுவதோடு அவர் கடமை முடிவதில்லை. அதற்குப் பொருள் விரித்து, வினா எழுப்பி, விடை கூறி, இலக்கணமும் சோதிடமும் மருத்துவமும் இடையிடையே உரைக்க வேண்டும். வீட்டில் மலையாளம் பேசுவோரும் பல ஆண்டுகள் ஆசிரியரிடம் கேட்டுக் கம்பரை நெஞ்சில் ஏற்றுகின்றனர். கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் (1925-2000) இக்கலையைக் கோயிலுக்கு வெளியேயும் கொண்டுசென்றார். அவர் மைந்தர் இராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. ஆடவர்க்கே உரியதாயிருந்த இக்கலையில் இப்போது பெண்களும் பங்கு கொள்கின்றனர்.

பாலக்காடு 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதன் பின்னர் எல்லை மாறியது. கூத்துமாடத்துத் தமிழ் மாறவில்லை. மற்றொரு புறம், தமிழ்நாட்டில் தோற்பாவை ஆட்டும் குடும்பங்கள் பலவற்றின் வீட்டுமொழி மராத்தி. இவர்களின் முன்னோர் தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில் வந்தவர் என்பர். ஆட்டுத்தோலில் ஒளி ஊடுருவ வண்ணம் தீட்டி, அவர்கள் தமிழில் கதை கூறுகின்றனர். ஆக, இருபுறத்தும் தமிழ்ப் பாவைகளை ஏந்தும் கைகளுள் பல, வேற்றுமொழி பேசும் இல்லங்களின் கைகளே.

வெளி மாநிலங்களில் வாழும் நாம் இதனின்று கொள்ளத்தக்கது யாது? பகலெல்லாம் வேற்றுமொழிக் கோப்புகளில் உழன்று மாலையில் இல்லம் திரும்பும் நம்முள் பலர், தமிழெழுத்து அறியாத நம் பிள்ளைகளைப் பார்த்து, கேட்பார் இல்லாத ஊரில் தமிழ் எதற்கு என்று சோர்வதுண்டு. எமக்கும் அச்சோர்வு நேர்ந்ததுண்டு. தமிழ் தம் வீட்டுமொழியாக இல்லாத பிள்ளைகளுக்கும் கம்பரைச் செவிவழி கற்பித்த புலவர்கள், கேட்பார் தொகையை எண்ணிக்கொண்டு தொடங்கவில்லை. நாளொன்றுக்கு ஒரு செய்யுள் என அவர்கள் தொடங்கினர். நம் இல்லங்களிலும் அவ்வாறு தொடங்குதல் அரிதன்று.

தில்லியிலிருந்தோ மும்பையிலிருந்தோ பாலக்காட்டு வழியாக ஊர் திரும்பும் அன்பர்கள், கூத்து நிகழும் திங்களாயின், ஒற்றப்பாலத்திலோ சொரணூரிலோ இறங்கி ஓரிரவு தங்குக. பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்க. நள்ளிரவுக்குப் பின்னும் எழாது அமர்ந்திருந்தால், புலவருக்கு அன்று தேவியோடு வேறு சிலரும் கேட்போராக வாய்த்தனர் என்னும் மகிழ்ச்சி கிட்டும்.