இணையக் கடையைத் திறந்தாச்சு... 'அப்டேட்' பட்டனைத் தட்டலாமா?

தீபாவளிக்கு 10 நாள் இருந்தபோது தோழியிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. காலைல அப்டேட் பண்ணேன். இப்ப நான் மாத்தின கலரும் இல்ல, டெலிவரி தேதி கேக்குற கட்டத்தையும் காணோம்!"

வீட்டில் முறுக்கும் அதிரசமும் செய்து இணையத்தில் விற்பவர் அவர். வேர்ட்பிரஸ் தளத்தில் வூகாமர்ஸ் போட்டு, காணொளிகளைப் பார்த்தே கடையை உருவாக்கியவர். தேதிக் கட்டம் காணாமல் போன பிறகும் ஆர்டர்கள் வந்துகொண்டிருந்தன. எந்த முறுக்கு எந்த நாளுக்கு என்பதுதான் யாருக்கும் தெரியாது.

கடைக்குள் யாரும் ஊடுருவவில்லை. மென்பொருளிலும் கோளாறு இல்லை. தம்முடைய மாற்றங்களை அவர் தப்பான இடத்தில் எழுதிவைத்திருந்தார், அவ்வளவுதான்.

அப்டேட் செய்தால் மாற்றங்கள் ஏன் அழிகின்றன?

வேர்ட்பிரஸ் என்பது கட்டடம். 2011இல் வந்த வூகாமர்ஸ், அதைக் கடையாக்கும் பிளக்இன். கடை எப்படித் தோற்றமளிக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தீம். மூன்றுக்கும் தனித்தனியே அப்டேட் வரும்.

தோழி தீமின் கோப்புகளுக்குள்ளேயே போய் வரிகளைச் சேர்த்திருந்தார். தீம் அப்டேட் ஆகும்போது பழைய கோப்புறை நீக்கப்பட்டு, அதே இடத்தில் புதியது வந்து உட்காரும். வாடகை வீட்டுச் சுவரில் ஓவியம் வரைந்த மாதிரிதான். வீட்டுக்காரர் சாயம் பூசினால் ஓவியம் போச்சு!

அதற்குத்தான் 'சைல்ட் தீம்' இருக்கிறது. தனிக் கோப்புறை ஒன்றில் 'ஸ்டைல் சிஎஸ்எஸ்', 'ஃபங்ஷன்ஸ் பிஎச்பி' என்ற இரண்டு கோப்புகள் இருந்தால் ஆரம்பிக்கப் போதும். முதல் கோப்பின் தலைப்பகுதியில் தாய்த் தீமின் கோப்புறைப் பெயரைக் குறிப்பிடவேண்டும். உங்கள் மாற்றங்கள் எல்லாம் இதற்குள் இருக்கும். தாய்த் தீம் எத்தனை முறை அப்டேட் ஆனாலும் இதைத் தொடாது.

வெறும் நிறம், எழுத்தின் அளவு என்றால் அதுகூட வேண்டாம். 'கூடுதல் சிஎஸ்எஸ்' பெட்டியில் எழுதினால் அது தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கும். ஆனால் தீமையே மாற்றினால் அந்த வரிகள் கூடவே வராது. ஒரு பிரதியை எடுத்து வையுங்கள்.

'ஃபங்ஷன்ஸ்' கோப்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பயம் இருப்பது நல்லது. ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலும் கடை மொத்தமும் முடங்கலாம். 2019இல் வெளிவந்த 5.2 பதிப்பிலிருந்து, அப்படி நேர்ந்தால் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு மீட்பு இணைப்பு ஒன்றை வேர்ட்பிரஸ் அனுப்பும். அந்த மின்னஞ்சல் முகவரி நீங்கள் திறந்து பார்க்கும் முகவரிதானா? இப்பவே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: நீங்கள் பார்க்கும் காணொளியின் தேதியையும் கவனியுங்கள். 2023 இறுதியில் வந்த 8.3 பதிப்பிலிருந்து, புதிதாகத் திறக்கும் வூகாமர்ஸ் கடைகளில் பணம் செலுத்தும் பக்கம் 'பிளாக்' முறையில் அமைகிறது. பழைய காணொளிகள் சொல்லித்தரும் பல வரிகள் அங்கே வேலை செய்யா. "அப்படியே எழுதினேன், ஒண்ணும் நடக்கல" என்று இரவெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் பலருக்கும் காரணம் இதுதான்.

பேக்அப் இருக்கே, பழைய நிலைக்குத் திருப்பினால் போதாதா?

தோழியும் இதைத்தான் கேட்டார். முந்தைய நாள் இரவு எடுத்த முழு பேக்அப் அவரிடம் இருந்தது. ஒரே தட்டு, எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

"தட்டாதே!" என்றேன்.

வலைப்பூவுக்கும் கடைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். தளத்தின் கோப்புகள் ஓரிடத்திலும், ஆர்டர், வாடிக்கையாளர் முகவரி, கையிருப்பு எண்ணிக்கை எல்லாம் தரவுத்தளத்திலும் இருக்கும். நேற்றிரவின் தரவுத்தளத்தைத் திரும்ப வைத்தால், இன்று காலை வந்த ஆர்டர்கள் மறைந்துவிடும். பேநவ் வழியாக வந்த பணம் உங்கள் வங்கிக் கணக்கில் இருக்கும். அதை அனுப்பியவர் என்ன கேட்டார், எங்கே இருக்கிறார் என்ற விவரம் கடையில் இருக்காது.

அதனால் தரவுத்தளத்தை விட்டுவிட்டு, பேக்அப்பிலிருந்து பழைய தீம் கோப்புறையை மட்டும் எடுத்தோம். அவர் சேர்த்த வரிகளைத் தேடிப் பிடித்து சைல்ட் தீமுக்கு மாற்றினோம். சுமார் இரண்டு மணி நேர வேலை. அதில் பாதி, எந்த வரி அவர் எழுதியது என்று நினைவுபடுத்துவதற்கே போனது. மாற்றும்போதே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவைத்திருந்தால் மிச்சமாகியிருக்கும்.

எங்கே சோதித்துப் பார்ப்பது?

கடையின் நகல் ஒன்றில். அதை 'ஸ்டேஜிங்' என்பார்கள். தளத்தை வைத்திருக்கும் நிறுவனங்கள் பலவும் அந்த வசதியைத் தருகின்றன. அங்கே அப்டேட் செய்து, ஒரு பொருளைக் கூடையில் போட்டு, பணம் செலுத்தும் கட்டம்வரை போய்ப் பாருங்கள். ஸ்டிரைப் பயன்படுத்தினால் 4242 என்ற எண்ணை நான்கு முறை சேர்த்தெழுதிய சோதனை அட்டை இருக்கிறது. உண்மையான பணம் நகராது. ஆனால் நகல் கடையிலிருந்து மின்னஞ்சல் போவதை முதலில் நிறுத்துங்கள். இல்லையென்றால் உண்மையான வாடிக்கையாளருக்கே "உங்கள் ஆர்டர் தயார்" என்று போய்ச் சேரலாம்!

கடை வேகமாகத் திறக்க 'கேஷ்' பிளக்இன் போடுகிறீர்களா? கூடை, பணம் செலுத்தும் பக்கம், வாடிக்கையாளர் கணக்கு ஆகிய மூன்றையும் அதிலிருந்து விலக்கவேண்டும். தவறினால் ஒருவரின் விவரம் இன்னொருவர் திரையில் தெரியும் அபாயம் உண்டு.

சிங்கப்பூரில் அது சட்டத்தைத் தொடும் விஷயம். சிறு வியாபாரிகளுக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். கசிவில் 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருந்தாலோ, பாதிப்பு கடுமையாக இருக்கக்கூடும் என்றாலோ, அதை உறுதிசெய்த 3 நாளுக்குள் ஆணையத்திடம் தெரிவிக்கவேண்டும். பழைய வாடிக்கையாளர் பட்டியலை ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைப்பது பெருமை இல்லை, சுமை.

தமிழில் பெயர் வைக்கலாமா?

தாராளமாக! பொருளின் பெயர், விளக்கம் எல்லாம் தமிழில் இருக்கட்டும். அந்தப் பக்கத்தின் இணைய முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் மாற்றிவிடுங்கள். முகவரியில் தமிழின் ஒவ்வோர் எழுத்துக்குறியும் 9 குறிகளாக விரியும். அதற்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கும் இடம் 200 குறிகள். 'தேங்காய்ப்பால் முறுக்கு' என்று எழுதினாலே அந்த இடம் கிட்டத்தட்ட நிரம்பிவிடும். கொம்பு, புள்ளி எல்லாம் தனிக் கணக்கு. வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் பாதித் திரைக்கு விழுக்காட்டுக் குறிகளாக நீளும்.

தோழியின் கடையில் அன்று தேதி இல்லாமல் வந்தவை 6 ஆர்டர்கள். மாலையில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்டார். ஐந்து பேர் சிரித்துக்கொண்டே தேதி சொன்னார்கள். ஆறாவது நபர், "அப்படியே இன்னும் ரெண்டு டப்பா சேத்துக்கம்மா" என்றாராம்.