முடியாததும் மறுப்பதும்

தாயின் வயிற்றில் இருக்கும்போதே மதுவால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தையை வளர்ப்பவர்கள் முதலில் எந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும்? மருத்துவத் தகவல்கள் நிறைந்ததை என்றுதான் பலரும் சொல்வார்கள். குழந்தையின் நடத்தைக்கு நாம் கற்பிக்கும் காரணத்தை மாற்றுகிற புத்தகமே அதைவிட முக்கியம் என்பது என் கருத்து. நேற்று ஒப்பித்த வாய்ப்பாட்டை இன்று மறந்து நிற்கும் பிள்ளையை, சொல்பேச்சு கேளாதவன் என்று எண்ணினால் தண்டிப்போம். அவனால் முடியவில்லை என்று புரிந்தால் உதவுவோம். வீட்டில் மற்றதெல்லாம் இந்த ஒரு கணிப்பைப் பொறுத்தே அமைகிறது.

இந்தக் கணிப்பு எளிதில் தவறிவிடுகிறது. பிரான்சின் நாந்த் நகரில் 1968-இல் பால் லெமுவானும், அமெரிக்காவின் சியாட்டிலில் 1973-இல் கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் இப்பாதிப்பை விவரித்தபோது, குழந்தைகளின் முக அமைப்பு முக்கிய அடையாளமாக இருந்தது. முகம் உருவாவதோ கர்ப்பத்தின் தொடக்கக் கட்டத்தில். மூளை கர்ப்பகாலம் முழுவதும் வளர்கிறது. எனவே பாதிப்புள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முகத்தில் எந்த அடையாளமும் இருப்பதில்லை. அமெரிக்காவின் நான்கு பகுதிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, குறைந்தபட்சக் கணக்காகவே நூற்றுக்கு 1.1 முதல் 5 பேர் வரை பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. அதில் கண்டறியப்பட்ட 222 பேரில் இருவருக்கு மட்டுமே முன்பே நோயறியப்பட்டிருந்தது.

டயன் மால்பின் எழுதிய ‘ட்ரையிங் டிஃபரன்ட்லி ராதர் தன் ஹார்டர்’ என்ற சிறு நூலை முதலில் பரிந்துரைப்பதற்குக் காரணம், இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும் பாதிப்பைப் பிடிவாதமாக எண்ணிவிடும் தவறுதான். முயற்சியைக் கூட்டாதீர்கள், முறையை மாற்றுங்கள் என்பதே அதன் சாரம். பரிசும் தண்டனையும் பலன் தர, செயலையும் விளைவையும் இணைத்து நினைவில் வைக்கும் திறன் வேண்டும்; பாதிக்கப்பட்டிருப்பதே பல சமயம் அந்தத் திறன்தான். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, படங்களாக வரைந்த அன்றாட அட்டவணை, இரைச்சல் குறைந்த இடம், வயதைவிட முதிர்ச்சியைப் பார்த்து வைக்கும் எதிர்பார்ப்பு ஆகியவையே அத்தகைய பிள்ளைக்கு உதவும். இதை விரிவாக அறிய ஆய்வாளர் ஆன் ஸ்ட்ரைஸ்கத் 1997-இல் குடும்பங்களுக்காக எழுதிய வழிகாட்டியைப் படிக்கலாம். தத்தெடுத்த மகனைப் பற்றி மைக்கேல் டோரிஸ் 1989-இல் எழுதிய ‘தி புரோக்கன் கார்ட்’ பிரச்சினையை அமெரிக்கா முழுவதும் பேசவைத்தது. ஆனால் துயரம் மேலோங்கிய அந்த நூலைப் பெற்றோர் பிறகு படிப்பதே நல்லது.

இப்படிப் புரிந்துகொள்வது பிள்ளைக்குச் சாக்கு தேடிக் கொடுப்பதாகாதா என்று கேட்கலாம். ஸ்ட்ரைஸ்கத் குழு 415 பேரை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவு வேறு விதமாக இருக்கிறது. சிறு வயதிலேயே நோயறியப்பட்டு, நிலையான நல்ல சூழலில் வளர்ந்தவர்கள் படிப்பு தடைபடுவது, சட்டச் சிக்கல் போன்றவற்றிலிருந்து தப்பும் வாய்ப்பு இரண்டிலிருந்து நான்கு மடங்கு அதிகம். புரிதல் எதிர்பார்ப்பைக் கைவிடுவதில்லை. பிள்ளை எட்டக்கூடிய இடத்தில் அதை வைக்கிறது. நோய்ப்பெயர் களங்கமாகிவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆனால் அந்தப் பெயர் இல்லாத பிள்ளைக்குச் சோம்பேறி, பொய்யன் என்ற பெயர்கள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்கின்றன.

பெற்ற தாயின் குற்றவுணர்ச்சி இன்னும் கடினமானது. கருவுற்றதை அறியும் முன்பே குடித்தவர்களும், குடிநோயில் சிக்கியவர்களும் இத்தாய்மார்களில் உண்டு. தாயைக் கூண்டில் ஏற்றும் புத்தகம் அவளை மருத்துவரிடமிருந்து விலக்கிவைக்கும். அவள் உண்மையைச் சொல்லாவிட்டால் நோயறிவதும் கடினமாகும். எந்தப் புத்தகமும் மருத்துவருக்கு ஈடாகாது. ஆகவே கடையில் ஒரு நூலைப் புரட்டும் பெற்றோர் பார்க்க வேண்டியவை இரண்டு: அது யார்மீது பழி போடுகிறது, நாளைக் காலை பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பும்போது எதை மாற்றிச் செய்யச் சொல்கிறது. இரண்டாவதற்குப் பதில் இல்லாத நூலை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம்.