பெயர் மாறினால் போதை மாறுமா? – எச்.எச்.சி. பற்றிய ஒரு விளக்கம்

 



சில காலத்துக்கு முன்னர் ஒரு தாய் என்னிடம் ஒரு வினாவைக் கொண்டுவந்தார். ஐரோப்பிய நாடொன்றில் கல்வி கற்கும் அவரது மூத்த மகன் விடுமுறைக்கு வீடு வந்திருந்தான். அவனது பயணப் பையில் பல வண்ண ஜெலி இனிப்புகள் அடங்கிய பொதி ஒன்று இருந்தது. பொதியின் மேல் ஓர் இலையின் படமும் 'எச்.எச்.சி.' என்ற மூன்று எழுத்துக்களும் காணப்பட்டன. "இது என்ன மகன்?" என்று தாய் கேட்டபோது, "உம்மா, இது கஞ்சா இல்லை. அங்கே கடையில் பற்றுச்சீட்டுக் கொடுத்துத்தான் விற்றார்கள். நித்திரைக்கு நல்லது" என்று அவன் விடையளித்தான். வீட்டில் ஆறு வயதுடைய தங்கை ஒருத்தியும் இருக்கிறாள். அந்தப் பொதி அவளது கைக்கெட்டும் தூரத்திலேயே கிடந்தது. "இது ஹலாலா, ஹராமா?" என்பதே தாயின் கேள்வி.

மகன் பொய் சொல்லவில்லை. கடையில் விற்றது உண்மை. பற்றுச்சீட்டுக் கொடுத்ததும் உண்மை. ஆயினும் அவன் கூறியது முழு உண்மையன்று. எஞ்சிய பகுதியை நாமும் நம் பிள்ளைகளும் அறிந்துகொள்வது இன்று அவசியமாகிவிட்டது.

எச்.எச்.சி. என்பது என்ன?

கஞ்சாச் செடியில் 'கனபினொயிட்' எனப்படும் இரசாயனக் கூறுகள் நூற்றுக்கும் அதிகமாக உள்ளன. அவற்றுள் போதையைத் தருவதில் முதன்மையானது ரி.எச்.சி. ஆகும். சி.பி.டி. என்பது மற்றொரு கூறு. அது போதை தருவதில்லை. அதிலிருந்து தயாரிக்கப்பட்ட ஒரு மருந்து, சிறுவர்களைப் பாதிக்கும் சில அரிய வலிப்பு நோய்களுக்காக 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. ரி.எச்.சி. மிகக் குறைவாக உள்ள கஞ்சா இனத்தை மேற்கு நாடுகளில் 'ஹெம்ப்' என அழைக்கின்றனர். அதன் நாரிலிருந்து கயிறும் துணியும், விதையிலிருந்து எண்ணெயும் பெறப்படுகின்றன. இவை போதைப்பொருட்கள் அல்ல. நமது கவலை இவை பற்றியதன்று.

ஹெம்ப் செடியிலிருந்து பெறப்படும் சி.பி.டி.யை இரசாயன ஆய்வுகூடத்தில் அமிலத்தின் துணையோடு ரி.எச்.சி.யாக மாற்றுகின்றனர். பின்னர் பலேடியம், பிளாற்றினம், நிக்கல் போன்ற உலோகங்களை ஊக்கியாகக் கொண்டு அதனோடு ஐதரசன் வாயுவைச் சேர்க்கின்றனர். திரவமான தாவர எண்ணெயை இறுகச் செய்து மாஜரீன் தயாரித்த முறையும் இவ்வகையானதே. இவ்வாறு பெறப்படுவதே எச்.எச்.சி. ஆகும். அமெரிக்க இரசாயனவியலாளர் ரொஜர் அடம்ஸ் என்பவர் 1940ஆம் ஆண்டளவிலேயே இதைத் தயாரித்திருந்தார். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் எவரும் இதனைச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை.

இச்செடியில் எச்.எச்.சி. இயற்கையாக இருப்பது மிக நுண்ணிய அளவிலேயே ஆகும். விற்பனைக்கு வருவது ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்டது. எனவேதான் அறிஞர்கள் இதனை 'அரைச் செயற்கை'ப் பொருள் என்கின்றனர். பொதியில் உள்ள பச்சை இலையும், 'இயற்கை மூலிகை' என்ற வாசகமும் வாங்குபவரை மயக்கும் விளம்பரங்களேயன்றி வேறில்லை.

சட்டத்தின் இடைவெளியில் நுழைந்த பொருள்

2018ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா விவசாயச் சட்டமொன்றை நிறைவேற்றியது. டெல்ரா-9 வகை ரி.எச்.சி. 0.3 சதவீதத்துக்கு மேற்படாத செடியை ஹெம்ப் எனக் கொண்டு, அதனைப் பயிரிட அச்சட்டம் அனுமதித்தது. அச்சட்டம் அளந்தது அந்த ஒரேயொரு கூற்றை மாத்திரமே. "அந்தக் கூறு இல்லாமல் அதே போதையைத் தரும் வேறொன்றை ஹெம்ப்பிலிருந்து ஆக்கினால் என்ன?" என வியாபாரிகள் சிந்தித்தனர். 2021ஆம் ஆண்டின் இறுதியளவில் எச்.எச்.சி. அமெரிக்கக் கடைகளில் தோன்றியது.

2022 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் முதன்முறையாக டென்மார்க்கில் இது கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டின் ஆரம்பத்துக்குள் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் பரவிவிட்டது. ஒஸ்திரியா, பின்லாந்து, எஸ்தோனியா ஆகியன 2023இன் முற்பகுதியிலும், பிரான்ஸ் அதே ஆண்டு ஜூன் மாதத்திலும் தடை விதித்தன. செக் குடியரசில் இவ்வகை இனிப்புகளை உண்ட சிறுவர்கள் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டதன் பின்னர் 2024 மார்ச்சில் தடை வந்தது. ஜேர்மனி 2024 ஜூனிலும், அயர்லாந்து 2025 ஜூலையிலும் தடை செய்தன.

ஜப்பானின் அனுபவம் இன்னும் தெளிவானது. அந்நாடு 2022 மார்ச்சிலேயே எச்.எச்.சி.யைத் தடை செய்தது. உடனே இதன் அமைப்பைச் சற்று மாற்றிய உறவுப் பொருட்கள் வேறு பெயர்களில் சந்தைக்கு வந்தன. 2023 நவம்பரில் டோக்கியோவின் பூங்கா ஒன்றில் நடைபெற்ற விழாவில் ஒருவர் வழங்கிய ஜெலி இனிப்பை உண்டவர்கள் சுகவீனமுற்று வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அதில் இருந்தது எச்.எச்.சி.எச். என்ற மற்றொரு பொருள். மறு மாதம் அதுவும் தடை செய்யப்பட்டது.

ஈற்றில் 2025 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் ஆணைக்குழு, எச்.எச்.சி.யை 1971ஆம் ஆண்டின் உளத்தூண்டற் பொருட்கள் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் சேர்க்கத் தீர்மானித்தது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவும் தன் சட்டத்திலிருந்த இடைவெளியை அடைக்கும் திருத்தத்தை நிறைவேற்றி, அது நடைமுறைக்கு வர ஓராண்டு அவகாசம் வழங்கியது.

இந்த வரலாறு நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. ஒரு பொருள் கடையில் விற்கப்பட்டது என்பதற்கு அது தீங்கற்றது என்பது பொருளல்ல. சட்டம் அதன் பெயரை இன்னும் எழுதி முடிக்கவில்லை என்பதே பொருள்.

உடலுக்கும் உள்ளத்துக்கும் விளைவது

எச்.எச்.சி. மூளையில் ரி.எச்.சி. சென்று பற்றும் அதே இடங்களையே பற்றுகின்றது. எனவே விளைவுகளும் கஞ்சாவின் விளைவுகளையே ஒத்தவை. செயற்கையான மகிழ்ச்சி, நேரத்தின் ஓட்டம் மாறித் தோன்றுதல், கண் சிவத்தல், வாய் வரளுதல், நெஞ்சு படபடத்தல், நினைவு தடுமாறுதல் ஆகியன ஏற்படும். சிலருக்குக் கடும் பயமும் பதற்றமும் உண்டாகும். உளப்பிறழ்வுக்கு ஆளாகி, இல்லாத ஒலிகளைக் கேட்போரும் உளர். அயர்லாந்தின் வைத்தியர்கள், உளப்பிறழ்வோடு வந்தவர்களில் எச்.எச்.சி. பாவித்தோரும் இருந்ததை அறிக்கையிட்டுள்ளனர்.

இனிப்பாக உண்பதில் தனியானதோர் அபாயம் உண்டு. புகையின் விளைவு சில நிமிடங்களில் தெரியும். உண்ட பொருளின் விளைவு தெரிய அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை செல்லலாம். "ஒன்றும் நடக்கவில்லையே" என எண்ணி இளைஞன் இரண்டாவதையும் மூன்றாவதையும் உண்கிறான். பின்னர் அனைத்தும் ஒன்றுசேர்ந்து பல மணி நேரம் அவனை வீழ்த்திவிடுகின்றன. சிறு பிள்ளைக்கோ அது வெறும் இனிப்புத்தான். ஒரு பொதி முழுவதையும் உண்டுவிட அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இலத்திரனியல் சிகரெட்டில் ஊற்றிப் புகைப்பதிலும் ஆபத்து உண்டு. சரியாகச் சுத்திகரிக்கப்படாத திரவத்தில் உலோக மிச்சங்களும் அறியப்படாத இரசாயனங்களும் இருக்கக்கூடும். 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இத்தகைய கருவிகளால் நுரையீரல் பாதிப்பு பெருமளவில் பரவியது. 2020 பெப்ரவரி வரை 2,800க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்; 68 பேர் மரணமடைந்தனர். பெரும்பாலானோர் பாவித்தது ரி.எச்.சி. கலந்த திரவம். அதில் தடிப்பூட்டச் சேர்க்கப்பட்டிருந்த விற்றமின் ஈ அசற்றேற்று என்னும் பொருளே முக்கிய காரணமெனக் கண்டறியப்பட்டது. பொதியில் எழுதப்படாத ஒரு பொருள் இவ்வாறு உயிர்களைப் பறிப்பதில் முக்கிய பங்கு வகித்தது.

மனித மூளை முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ இருபத்தைந்து வயதாகின்றது. கஞ்சா பாவிப்போரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகின்றனர். பதின்ம வயதில் ஆரம்பிப்போரிடம் இது ஆறில் ஒருவர் என்ற அளவுக்கு உயர்கின்றது. கஞ்சாவைப் பற்றிப் பல்லாண்டு ஆய்வுகளாவது உள்ளன. எச்.எச்.சி.யோ மனிதரிடம் முறையாகப் பரிசோதிக்கப்படாமலே கடைக்கு வந்த பொருள். அதனை முதலில் வாங்கிய இளைஞர்களே பரிசோதனைப் பொருளாயினர்.

மார்க்கம் பெயரை நோக்குவதில்லை

ஸூரத்துல் மாயிதாவின் 90ஆம் வசனத்தில் அல்லாஹ் மதுவை ஷைத்தானின் செயல்களில் ஒன்றான அசுத்தம் எனக் கூறி, அதனைத் தவிர்ந்துகொள்ளுமாறு கட்டளையிடுகின்றான். அங்கே வந்துள்ள 'கம்ர்' என்ற சொல்லின் வேரில் 'மூடுதல்' என்ற கருத்து உண்டு. அறிவை மூடி மறைப்பது எதுவோ அதுவே கம்ர் என்று உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் மிம்பரில் நின்று விளக்கினார்கள். போதை தருவது அனைத்தும் கம்ர் என்றும், கம்ர் அனைத்தும் ஹராம் என்றும் நபி (ஸல்) அவர்கள் பொதுவிதி வகுத்தார்கள். அதிகம் உட்கொண்டால் போதை தரும் பொருளின் குறைந்த அளவும் விலக்கப்பட்டதே என்றும் கூறினார்கள்.

இன்னொரு நபிமொழியை இங்கு நாம் சிந்திக்க வேண்டும். தமது சமூகத்தில் சிலர் மதுவுக்கு வேறு பெயர் சூட்டி அதை அருந்துவர் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இன்று கஞ்சாவின் போதை மூன்று எழுத்துப் பெயரோடு, ஜெலி வடிவில், பழச்சுவையில் வருகின்றது. பெயரும் நிறமும் சுவையும் மாறிவிட்டன. அறிவை மூடும் தன்மை மாறவில்லை.

இந்த வாதம் நம் அறிஞர்களுக்குப் புதியதும் அல்ல. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் இறுதியிலும் ஏழாம் நூற்றாண்டிலும் 'ஹஷீஷ்' எனும் கஞ்சா முஸ்லிம் நாடுகளில் பரவியபோது, "இது குர்ஆனிலும் ஹதீஸிலும் பெயர் கூறித் தடுக்கப்படவில்லையே, இது பானமும் அல்லவே" எனச் சிலர் வாதிட்டனர். இமாம் இப்னு தைமிய்யா அவர்கள் அதனை ஹராம் எனத் தீர்ப்பளித்தார்கள். ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் ஸர்கஷீ அவர்கள் இதற்கெனவே தனி நூல் எழுதினார்கள். இமாம் இப்னு ஹஜர் அல்ஹைதமீ அவர்கள் அதனைப் பெரும் பாவங்களின் வரிசையில் சேர்த்தார்கள். அவர்கள் பெயரைப் பார்க்கவில்லை. அறிவுக்கு அது செய்வதையே பார்த்தார்கள்.

நோயாளி ஒருவர் தகுதிவாய்ந்த வைத்தியரின் ஆலோசனைப்படி உட்கொள்ளும் மருந்து வேறு. நித்திரை வரவில்லை என்று ஒருவர் தாமே கடையில் வாங்கி உண்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

நம் நாட்டிலும் பயணத்திலும்

இலங்கையில் 1929ஆம் ஆண்டின் நச்சுப்பொருட்கள், அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் கஞ்சாவும் அதன் பிசினும் சாறும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. 1971 உடன்படிக்கையிலும் நம் நாடு ஒரு தரப்பாகும். எனவே "வெளிநாட்டில் கடையில் வாங்கினேன்" என்ற விடை கட்டுநாயக்க விமான நிலையத்தில் எவரையும் காப்பாற்றாது. நம் பிள்ளைகள் பலர் தொழிலுக்காகவும் கல்விக்காகவும் வளைகுடா நாடுகளினூடாகப் பயணிக்கின்றனர். அங்கே போதைப்பொருள் சட்டங்கள் மிகக் கடுமையானவை. தொழில் நிறுவனங்கள் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனையில், எச்.எச்.சி. உட்கொண்டவர் கஞ்சா பாவித்தவராகக் காட்டப்படவும் கூடும். பிறர் தரும் இனிப்புப் பொதியை, உறவினர் தந்ததாயினும், உள்ளே இருப்பதை அறியாமல் பயணப் பையில் வைக்காதீர்கள். இனிப்பின் உருவில் போதை வருவது நம் நாட்டுக்கும் புதியதல்ல. கஞ்சா கலந்த மதன மோதகம் பாடசாலை மாணவர்களின் கைகளுக்கு எட்டியதை நாம் அறிவோம்.

பெற்றோர்களுக்கும் இளைஞர்களுக்கும்

பெற்றோர்களே! இத்தகைய பொருளைக் கண்டால் முதலில் சிறுவர்களுக்கு எட்டாத இடத்துக்கு அகற்றுங்கள். பிள்ளை உண்டுவிட்டு மயக்கமோ வாந்தியோ மிகுந்த படபடப்போ அடைந்தால், மானத்துக்கு அஞ்சித் தாமதிக்க வேண்டாம். 1990 அம்பியூலன்ஸ் சேவையை அழையுங்கள். பொதியையும் எடுத்துச் சென்று வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். மகன் பழக்கத்துக்கு உள்ளாகிவிட்டான் என அறிந்தால் அவனை வீட்டை விட்டு விரட்டாதீர்கள். விரட்டப்பட்ட பிள்ளையை வரவேற்க வியாபாரி வெளியே காத்திருக்கிறான். தேசிய அபாயகரமான ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை பெறலாம்.

இளைஞர்களே! ஒருவர் உங்களிடம் "இதற்குத் தடை இல்லை" என்று கூறினால், "இது என் அறிவை என்ன செய்யும்?" என்று திருப்பிக் கேளுங்கள். தான் கூறுவது இன்னதென்று அறியாத நிலையில் தொழுகையை நெருங்க வேண்டாமென அல்லாஹ் ஸூரத்துந் நிஸாவில் தடுத்துள்ளான். எதை உண்டபின் உங்களால் அல்லாஹ்வின் முன் நிற்க முடியாதோ, அதனை அதற்கு முன்னரே விட்டுவிடுங்கள். தவறியவருக்கும் தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கின்றது.

அந்தத் தாய்க்கு நான் கூறியதும் இதையே. அது ஹராம் என்றேன். அதைவிட முதலில், அந்தப் பொதியை மகளின் கைக்கெட்டாமல் எடுத்துவிடுங்கள் என்றேன். மகனை ஏசாமல் அருகில் அமர்த்தி, இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்லுமாறு வேண்டினேன். சில நாட்களின் பின் அவர் மீண்டும் பேசினார். மகன் நெடுநேரம் மௌனமாக இருந்ததாகவும், பின்னர் தானே எழுந்து அந்த இனிப்புகளை மலசலகூடத்தில் கொட்டி நீரூற்றியதாகவும் கூறினார். "பரீட்சைப் பயத்தில் நித்திரை இல்லாமல்தான் இதை ஆரம்பித்தேன் உம்மா" என்று அவன் அழுதானாம். அவன் தேடியது போதையை அல்ல. தன் பயத்தைக் கேட்க ஒருவரை. நம் வீடுகளில் அந்த ஒருவராக நாம் இருப்போமாக.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் அறிவையும் உடலையும் ஈமானையும் பாதுகாத்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.