ஒற்றைக் காலில் நிற்கப் பழகுவோம்

சித்தூர்ப் பக்கம் மாந்தோப்புகள் அதிகம். மாங்காய் பறிக்க மரம் ஏறுகிறவர்கள் சில சமயம் தவறி விழுந்துவிடுகிறார்கள். சாலையில் வண்டி மோதிக் கால் ஒடிகிறவர்களும் உண்டு.

கால் ஒடிந்தால் சிலர் புத்தூருக்குப் போகிறார்கள். அங்கே பச்சிலை வைத்து, மூங்கில் பத்தை கொடுத்துக் கட்டுவார்கள். புத்தூர் கட்டு தமிழ்நாட்டிலும் பேர் பெற்றது. சிலர் திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பர்டு மருத்துவமனைக்குப் போகிறார்கள். எலும்பு எப்படி முறிந்திருக்கிறது என்பது எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால், உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

கால் எலும்பு கூட மூன்று, நான்கு மாதம் ஆகலாம். அதற்கு மேலும் ஆகலாம். ஒரு நாள் கட்டைப் பிரிக்கிறார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனாலும் நடக்கும்போது கால் தடுமாறுகிறது. ஏன்?

கால் மறந்துபோகிறது

கட்டுக்குள் அசையாமல் கிடந்த காலில் சதை மெலிந்துவிடும். அதோடு இன்னொரு குறையும் வரும். நாம் விழாமல் நிற்க, மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி போகிறது. ஒன்று, கண். இரண்டு, காதின் உள்பகுதி. மூன்று, பாதமும் மூட்டும் சதையும். அடிபட்ட காலிலிருந்து போகும் செய்தி மங்கிவிடுகிறது. அதைப் பழக்கத்தால்தான் திரும்பப் பெற வேண்டும்.

நடந்து பாருங்கள். ஒரு கால் மேலே எழும்போது, மறு கால்தான் உடல் முழுவதையும் தாங்குகிறது. பஸ் படி ஏறினாலும் அப்படித்தான். அலிபிரியிலிருந்து திருமலைக்குச் சுமார் 3550 படிகள். ஒவ்வொரு படியிலும் ஒற்றைக் கால்தான் தாங்க வேண்டும்.

வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. அதனால் பலர் அவசரப்படுகிறார்கள். மறுபடி விழுந்தால், கூடிய எலும்பு திரும்பவும் ஒடியலாம்.

ஆசானும் மறுபடி கற்றார்

பி.கே.எஸ். ஐயங்கார் 1918இல் பிறந்தவர். சித்தூரை அடுத்த கோலார் மாவட்டத்தில் பெல்லூர் அவர் ஊர். யோகாசனத்தை உலகெங்கும் பரப்பியவர். 1979இல் ஸ்கூட்டர் விபத்தில் அவருக்குத் தோளிலும் முதுகெலும்பிலும் அடிபட்டது. அப்போது வயது 60. பெரிய ஆசானான அவர், புதிய மாணவரைப் போல முதலிலிருந்து தொடங்கினார். தேறப் பல ஆண்டுகள் ஆயின. சுவர், நாற்காலி, கயிறு, மரக்கட்டை ஆகியவற்றைத் துணையாகக் கொண்டு ஆசனம் செய்யக் கற்றுத் தந்தவரும் அவரே. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் வெட்கம் இல்லை.

மரம் போல நிற்பது

ஒற்றைக் காலில் நிற்கும் ஆசனத்துக்கு விருட்சாசனம் என்று பெயர். விருட்சம் என்றால் மரம். தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: “இந்தக் காலில் முழு எடையும் ஊன்றலாமா?” அவர் சரி என்ற பிறகே பழகுங்கள்.

1. ஈரம் இல்லாத தரையில், சுவர் ஓரமாக வெறுங்காலுடன் நில்லுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

2. சுவரைப் பிடித்தபடி, உடல் எடையை மெல்ல ஒரு காலுக்கு மாற்றுங்கள். பிறகு மறு காலுக்கு மாற்றுங்கள். சில நாள் இது போதும்.

3. அடுத்து, ஒரு காலின் குதிகாலை மட்டும் தூக்கி, மறு கணுக்காலில் சாய்த்து வையுங்கள். விரல்கள் தரையில் இருக்கட்டும்.

4. அது பழகியதும், பாதத்தைக் கெண்டைக்காலில் வையுங்கள். முழங்கால் மூட்டில் வைத்து அழுத்தாதீர்கள்.

5. எதிரே ஒரு புள்ளியைப் பாருங்கள். மூச்சை அடக்காதீர்கள். ஐந்து எண்ணும்வரை நில்லுங்கள். இரண்டு காலிலும் செய்யுங்கள்.

வலி சுரீரென்று குத்தினாலோ, கால் வீங்கினாலோ, தலை சுற்றினாலோ நிறுத்திவிடுங்கள். மருத்துவரைப் பாருங்கள்.

ஒவ்வொரு நாளும் எத்தனை எண்ணும்வரை நின்றீர்கள்? ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஐந்து, ஏழு, பத்து என்று எண்ணிக்கை ஏறுவது உங்களுக்கே தெரியும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.