நீரோரத் தூண்டில் – 7: பவுண்டு அல்ல, பருமன்

லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாயும் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் வழியில் பல குளங்களையும் கண்மாய்களையும் நிரப்புகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் விரால் தூண்டிலுக்கு இவைதான் களம். கரையோரம் கோரை, உள்ளே அல்லியும் ஆகாயத்தாமரையும். இலைகளின் மேல் ரப்பர் தவளையை இழுத்துவந்தால் விரால் அடியிலிருந்து பாய்ந்து கவ்வும். கவ்விய வேகத்தில் செடிக்குள் புகுந்துவிடும். இந்த வேலைக்கென்று பெய்ட்காஸ்டிங் ரீல் வாங்குகிறவர்கள், பின்னல் நரம்பு எத்தனை பவுண்டு தாங்கும் என்றே பார்க்கிறார்கள். அதைவிட முக்கியமானது அதன் பருமன்.

பின்னல் நரம்பு வலுமிக்க பாலிஎதிலீன் இழைகளால் ஆனது. நைலானைப் போல் இழுபடாது, தண்ணீரில் மிதக்கும். 30 பவுண்டு பின்னல் சுமார் 0.28 மில்லிமீட்டர்தான், 8 பவுண்டு நைலானும் ஏறக்குறைய அதே பருமன். ஆனால், இந்த மெலிவே பெய்ட்காஸ்டிங் ரீலில் இடைஞ்சலாகிறது. செடியில் சிக்கிய விராலைப் பலங்கொண்டு இழுக்கும்போது மெல்லிய நரம்பு தனக்குக் கீழுள்ள சுற்றுகளுக்கு நடுவே புதைந்துகொள்கிறது. அடுத்த வீச்சில் புதைந்த இடம் வந்ததும் நரம்பு திடுமென நிற்கும். தவளை அறுந்து பறக்கும், அல்லது சுற்று முழுவதும் சிக்காகும். ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது உருளை அசையாமல் நிற்கும், நரம்பு மட்டும் வளைவளையாகக் கழலும். இங்கோ உருளையே சுழல்கிறது. ஒரு கணத் தடையும் அதைக் குலைத்துவிடும். ஆகவே சுமார் 0.36 மில்லிமீட்டர் பருமனுள்ள 50 பவுண்டு பின்னலையே நான் பரிந்துரைப்பேன்.

இரண்டு கிலோ விராலுக்கு 50 பவுண்டு எதற்கு என்று கேட்கலாம். நரம்பு இழுப்பது மீனை மட்டுமல்ல, அதைச் சுற்றிய தண்டு, வேர், சேறு எல்லாவற்றையும் சேர்த்துத்தான். நரம்பு அறுந்தால் முள் வாயில் குத்திய மீனும் மட்காத இழையும் குளத்திலேயே தங்கிவிடும். அந்த இழை நீர்க்காகத்தின் காலைச் சுற்றும். பருமனான நரம்பு தூரம் போகாது என்பது உண்மைதான். ஆனால் தவளை வீச்சில் கண்ணுக்கெட்டிய செடி இடைவெளியில் சரியாக விழுவதே பெரிது. எட்டு இழைப் பின்னலின் வழவழப்பு தரும் கூடுதல் தூரம் இங்கே அவ்வளவு உதவாது. அதே பருமனில் நான்கு இழைப் பின்னலின் ஒவ்வோர் இழையும் தடிப்பு. கோரையில் உரசும்போது அதுவே தாங்கும். மீன் நரம்பைக் கண்டு மிரளாதா என்றால், இலைக்கு மேல் ஓடும் நரம்பு விராலின் கண்ணில் அவ்வளவாகப் படாது. வைகை அணையின் திறந்த நீரில் ஜிலேபிக் கெண்டைக்கு இந்த வாதம் செல்லாது. அங்கே மெல்லிய நைலானும் ஸ்பின்னிங் ரீலும் போதும். இன்னொன்று: வழவழப்பான பின்னலை வெற்று உருளையில் நேரடியாகச் சுற்றினால், மொத்தச் சுற்றும் வழுக்கிச் சுழலும். முதலில் சில சுற்று நைலானைப் போட்டு, அதன் முனையில் பின்னலை முடிச்சிட வேண்டும்.