கண்ணாடி இல்லாத பைக்!

குட்டி நண்பர்களே, உங்கள் வீட்டு பைக்கில் இருக்கும் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றுங்கள். ஹெட்லைட், இன்டிகேட்டர், ஹாரன், சைடு ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். (மனதுக்குள்தான்! அப்பாவிடம் அடி வாங்கினால் நான் பொறுப்பில்லை.) இப்போது உங்கள் முன் நிற்பது ஏறக்குறைய ஒரு ரேஸ் பைக்!

"கண்ணாடி இல்லாம, பின்னாடி வர்றவனை எப்படி சார் பார்ப்பாங்க?" நங்கநல்லூரில் எங்கள் தெருப் பையன் ஒருவன் இப்படிக் கேட்டு என்னை மடக்கிவிட்டான். எனக்கும் தெரியவில்லை. என்னிடம் படித்த மாணவன் ஒருவன் இப்போது பைக் மெக்கானிக். "வாங்க சார், நேரிலேயே காட்டுறேன்" என்று ஸ்ரீபெரும்புதூர் அருகே இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு அழைத்துப் போனான்.

நான் இளைஞனாக இருந்தபோது ரேஸ் என்றாலே சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களுக்குக் கூட்டம் அலைமோதும். பிறகு பந்தயத்துக்கென்றே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோ மீட்டர் நீளத்தில், 12 வளைவுகளோடு இந்த டிராக் வந்தது. 1990-ல் திறந்தார்கள்.

சரி, கண்ணாடிக்கு வருவோம். விழுந்தால் கண்ணாடி உடைந்து சில்லுகள் டிராக்கில் சிதறும். பின்னால் வருபவருக்கு ஆபத்து. அதனால்தான் கழற்றிவிடுகிறார்கள். பின்னால் வேகமாக ஒருவர் நெருங்கினால், ஓரத்தில் நிற்கும் மார்ஷல் நீலக் கொடி காட்டுவார். "வழி விடு" என்று அர்த்தம். மஞ்சள் கொடி அசைந்தால், முன்னால் யாரோ விழுந்திருக்கிறார். அங்கே முந்தக் கூடாது. சிவப்புக் கொடி வந்தால் பந்தயமே நிறுத்தம். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடிதான் முடிவுக் கோடு.

இன்னொன்றையும் என் மாணவன் காட்டினான். இன்ஜினில் ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலையில் சின்னத் துளை! அதில் மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்கியிருந்தார்கள். அதிர்ச்சியில் போல்ட் கழன்று நான்கு சொட்டு ஆயில் சிந்தினாலும் போதும், பின்னால் வருகிறவர்கள் வரிசையாகச் சறுக்கி விழுவார்கள். அடுத்தவர் விழாமலிருக்க நம் வண்டியில் கம்பி கட்ட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

சைக்கிளில் வளையும்போது கொஞ்சம் சாய்வீர்கள் அல்லவா? உலகப் போட்டியான மோட்டோ ஜி.பி.யில் வீரர்கள் 60 டிகிரிக்கும் மேல் சாய்கிறார்கள்! முழங்காலில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் துண்டு தரையில் உரசும். எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று அதை வைத்தே கண்டுபிடிப்பார்கள். வேகம்? 2023-ல் இத்தாலியில் தென்னாப்பிரிக்காவின் பிராட் பைண்டர் மணிக்கு 366.1 கி.மீ. வேகம் தொட்டார். எங்கள் மொட்டை மாடிக்கு மேலே பறந்து போய் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம்கூட அப்போது சுமார் 250 கி.மீ. வேகத்தில்தான் வருகிறது!

விழுந்தால் என்ன ஆகும்? நல்ல டிராக்கில் வளைவுக்கு வெளியே மரமோ கம்பமோ இருக்காது. வெறும் தரையும் சரளைக் கற்களும்தான். விழுந்தவர் உருண்டு உருண்டு வேகம் குறைந்து நிற்பார். மோட்டோ ஜி.பி. வீரர்களின் தோல் உடைக்குள் காற்றுப் பை உண்டு. வீரர் விழப் போவதை உணர்ந்ததும், தரையைத் தொடும் முன்பே அது உப்பிவிடும். 2018 முதல் அது கட்டாயம்.

பிரிட்டன் பக்கத்தில் ஐல் ஆஃப் மேன் என்ற தீவு இருக்கிறது. அங்கே சுமார் 60 கி.மீ. சாதாரண ஊர்ச் சாலையிலேயே பந்தயம் விடுகிறார்கள். ஓரத்தில் கல்சுவரும் வீடுகளும். 1911 முதல் அந்தப் பாதையில் 260-க்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்திருக்கிறார்கள்.

டிராக்கிலும் ஆபத்து முழுதாகப் போய்விடவில்லை. 2023 ஆகஸ்ட் 5 அன்று, இதே இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசியப் போட்டியில், பெங்களூரைச் சேர்ந்த ஒரு சிறுவன் பந்தயம் தொடங்கியதுமே வந்த முதல் வளைவில் விழுந்தான். தலையில் பலத்த அடி. பிழைக்கவில்லை. வயது 13. எட்டாம் வகுப்பில் நான் பாடம் நடத்திய பிள்ளைகளின் வயது. மீதிப் பந்தயங்களை ரத்து செய்தார்கள். உலக மோட்டோ ஜி.பி. போட்டிகளில் குறைந்தபட்ச வயதை 2023 முதல் 18 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். வெளிநாடுகளிலும் சிறு வயது வீரர்கள் சிலர் இறந்த பிறகு வந்த மாற்றம் அது.

திரும்பி வந்து இதையெல்லாம் சொன்னதும் அந்தப் பையன் அடுத்த கேள்வி போட்டான்: "அப்போ ராத்திரியில ஜி.எஸ்.டி. ரோட்டுல பறக்கிறாங்களே, அவங்க?"

அங்கே மஞ்சள் கொடி காட்ட யார் நிற்கிறார்கள்? சரளைக் கல்லுக்குப் பதில் சென்டர் மீடியன். எதிரே பஸ் வரும், பால்காரர் சைக்கிளில் வருவார். போலீஸ் பிடித்தால் வழக்கு. ஓட்டியவர் 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் என்று 2019-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பிறகு சரத்குமாரைப் பற்றிச் சொன்னேன். நடிகர் இல்லை! சென்னையைச் சேர்ந்த பைக் வீரர். 2011-ல் உலகச் சாம்பியன் போட்டியின் 125 சி.சி. பிரிவில் கலந்துகொண்டார். அந்தப் போட்டிக்குப் போன முதல் இந்தியர் அவர்தான்!

அடுத்த ரேஸுக்கு அவனையும் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். கத்திப்பாரா, பூந்தமல்லி வழியாகப் போனால் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது டிராக். நீங்களும் பெரியவர்களோடு போய்ப் பாருங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்காதீர்கள், வெயில் மண்டையைப் பிளக்கிறது. காதில் வைக்கப் பஞ்சும் வேண்டும். எனக்கு மறுநாள் காலை வரை காது 'ஙொய்ங்' என்றுதான் இருந்தது!